ஆயிலைக் கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நீங்க ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் போயிருக்கீங்களா? மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி, நூறடி ரோட்டை விட்டு உள் தெருவுக்குள்ள நுழைஞ்சா, எல்லா ஷெட்லயும் ஒரே வேலைதான் நடக்கும். லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாங்க. டிரில்லிங் மிஷினுக்குப் பெயின்ட் அடிப்பாங்க. வாசல்ல வாழைக்கன்னு, உள்ளே சீரியல் பல்பு, மூலையில பொரி மூட்டை. கூடவே இன்னொரு வேலையும் நடக்கும். கியர்பாக்ஸ், கம்ப்ரஷர் எல்லாத்தோட டிரெயின் பிளக்கையும் கழட்டி, பழைய ஆயிலை இறக்கிட்டுப் புது ஆயில் ஊத்துவாங்க. பல சின்ன பட்டறைகளுக்கு வருஷத்துல ஒரே ஆயில் சேஞ்ச் அதுதான்.

போன வருஷம் அப்படி ஒரு நாள்ல நான் அங்க இருந்தேன். லீவுல வேலை கத்துக்கறேன்னு ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்திருந்தேன். மிஷினிங் பண்ணி, பவுடர் கோட்டிங் போட்டுக் கொடுக்கிற இடம். ஓவனுக்குள்ள ஜாபை இழுத்துட்டுப் போற கன்வேயரை ஒரு வார்ம் கியர்பாக்ஸ் ஓட்டும். ஃபிட்டர் அண்ணா பிளக்கைக் கழட்டினார், நான் கீழே டிரே பிடிச்சேன். வெளியே கொண்டு போனப்ப வெயில் பட்டுது. கறுப்பு ஆயிலுக்குள்ள தங்கத் தூள் தூவின மாதிரி ஒரு மினுமினுப்பு.

"அண்ணா, ஜிகினா மாதிரி மினுக்குது."

"பழைய ஆயிலு அப்படித்தான் தம்பி இருக்கும். அந்த டிரம்முல ஊத்திடு."

ஊத்திட்டேன். கியர்பாக்ஸுக்குப் புது ஆயில் ஊத்தி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சு எல்லாம் முடிஞ்சுது.

பன்னிரண்டாவது நாள் வார்ம் வீலோட பல் மொத்தமா வழிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஓவனுக்குள்ள ஜாபோட கன்வேயர் நின்னுது. புது வீல் வெட்டி வாங்கி மாட்ட ஒன்பது நாள் ஆச்சு. தீபாவளிக்கு முன்னாடி கொடுக்க வேண்டிய ஆர்டர் போச்சு. பன்னிரண்டு பேர் வேலை பாக்கிற இடம் அது. அந்த வருஷம் போனஸ் பாதிதான். மீதியைப் பொங்கலுக்குத் தரேன்னு ஓனர் சொன்னப்ப யாரும் அவர் முகத்தைப் பார்க்கல.

வார்ம் இரும்பு, வார்ம் வீல் பாஸ்பர் பிரான்ஸ். இதை நான் பரீட்சையில ரெண்டு மார்க்குக்கு எழுதியிருக்கேன். டிரேயில மினுக்கினது அந்த வீலோட பல்லுதான்னு என் மண்டைக்கு எட்டல. ஃபிட்டர் அண்ணாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் படிக்காத பாடத்தை நான் படிச்சிருந்தேன். டிரே என் கையிலதான் இருந்தது.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பழைய ஆயில் மிஷின் நமக்கு எழுதுற கடிதம். நம்ம ஊர்ல அதைப் பிரிக்காமலேயே டிரம்மில் ஊத்துறோம். அதைப் படிக்கத் தேவையான சாமான்ல முக்கால்வாசி நம்ம காலேஜ் லேப்லயே தூசி படிஞ்சு கிடக்கு.

ஆயிலுக்குள்ள என்ன எழுதியிருக்கு?

ரெண்டு உலோகம் ஒண்ணோடு ஒண்ணு உரசினா தேயும். எவ்வளவு நல்ல ஆயில் போட்டாலும் கொஞ்சமாவது தேயும். தேஞ்ச துகள் எங்கே போகும்? மூடின கியர்பாக்ஸை விட்டு வெளியே போக வழியில்லை. ஆயில்லதான் மிதக்கும். உடம்புக்குள்ள எங்கே கோளாறுன்னாலும் ரத்தத்துல தெரியற மாதிரி, மிஷினுக்குள்ள எந்தப் பாகம் தேஞ்சாலும் ஆயில்ல தெரியும். மிஷினைக் கழட்ட வேண்டாம், நிறுத்தக்கூட வேண்டாம்.

இதை முதல்ல பெரிய அளவுல பயன்படுத்தினது ரயில்வேக்காரங்க. 1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம், டீசல் இன்ஜின்களின் ஆயிலை எடுத்து அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கு என்று பார்க்க ஆரம்பித்தது. இன்ஜின் வழியில் நின்று போவதற்கு முன்பே கோளாறு தெரிய வந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படை இதே முறையை விமான இன்ஜின்களுக்குக் கொண்டு போனது. நம்ம நாட்டிலும் ரயில்வேதான் இதில் மூத்த பிள்ளை. டீசல் லோகோ ஷெட்களில் ஆய்வகம் வைத்து, ஷெட்டுக்கு வருகிற இன்ஜினின் ஆயிலை எடுத்துச் சோதிப்பது பல காலமாக இருக்கிற பழக்கம். தண்டையார்பேட்டை, ஈரோடு, பொன்மலை மாதிரி ஊர்களில் டீசல் ஷெட் வேலை பார்த்தவங்க உங்க சொந்தத்துல யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. "லூப் ஆயில் சாம்பிள்" என்ற வார்த்தை அவங்களுக்குப் பழகியதாக இருக்கும்.

அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் எப்படி வேலை செய்யுது? கேஸ் அடுப்புல சாதம் பொங்கி உப்புத் தண்ணி வழிஞ்சா நீல நெருப்பு மஞ்சளா மாறும், பார்த்திருப்பீங்க. உப்பில் இருக்கிற சோடியம் எரியும்போது தருகிற நிறம் அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்தமான ஒளி உண்டு. சுழலும் கிராஃபைட் தட்டு ஒன்று ஆயிலை மேலே எடுத்து வரும். மின்பொறியில் அது எரியும். வருகிற ஒளியைப் பிரித்துப் பார்த்து, இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று பிபிஎம் கணக்கில் சொல்லிவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம். 20 கிலோ ஆயிலில் 100 பிபிஎம் இரும்பு இருந்தால், அதில் கரைந்து கிடப்பது வெறும் 2 கிராம் இரும்பு. அந்த 2 கிராமை வைத்துக்கொண்டு எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிக்க முடியும்.

எப்படி ஊகிப்பது? பாகம் எந்த உலோகத்தில் செய்தது என்று தெரிந்தால் போதும். இரும்பு கூடினால் கியர், ஷாஃப்ட், சிலிண்டர் லைனர் பக்கம் பார்க்கணும். செம்பும் ஈயமும் தகரமும் கூடினால் புஷ், பேரிங். செம்பு வார்ம் கியர்பாக்ஸில் கூடினால் சந்தேகமே வேண்டாம், வீல். இன்ஜினில் அலுமினியம் பிஸ்டனையும், குரோமியம் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கையும் காட்டும். சிலிக்கான் என்றால் மண், தூசி. ஏர் ஃபில்டரோ பிரீதரோ சரியில்லை என்று அர்த்தம். சோடியம் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் எங்கேயோ கசிந்து உள்ளே வருகிறதா என்று பார்க்கணும்.

தனித்தனியாகப் பார்ப்பதைவிட சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். சிலிக்கானும் இரும்பும் ஒன்றாக ஏறினால், வெளியே இருந்து மண் புகுந்து உள்ளே எமரி பேப்பர் மாதிரி தேய்க்கிறது என்று அர்த்தம். அப்போ கியரை மாற்றிப் பிரயோஜனமில்லை, மண் வருகிற வழியை அடைக்கணும். ஆனால் சிலிக்கான் கேஸ்கட் ஒட்டுகிற பசையிலிருந்தும் வரும். புதுசா ஓவர்ஹால் பண்ணின இன்ஜினில் சிலிக்கான் ஏறியிருந்தால் அதையும் யோசிக்கணும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லிட முடியாது. மிஷினையும் தெரிஞ்சிருக்கணும்.

ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி

இதை நிறைய பேர் சொல்ல மாட்டாங்க. ஸ்பெக்ட்ரோமீட்டர் சின்னச் சின்னத் துகளைத்தான் நல்லா பார்க்கும். சுமார் 5 முதல் 10 மைக்ரான் வரைக்கும்தான் அதோட கெட்டிக்காரத்தனம். அதைவிடப் பெரிய துகள் முழுசா எரியாது, கணக்கிலும் வராது. நம்ம தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிய துகள் விழுகிறது என்றால் தேய்மானம் எப்போதோ எல்லை தாண்டிவிட்டது. என் டிரேயில் மினுக்கின ஜிகினா, மிஷின் எழுதின முதல் கடிதம் இல்லை, கடைசிக் கடிதம்.

பெரிய துகளைப் பார்க்க 1970களில் அமெரிக்காவில் ஃபெர்ரோகிராஃபி என்ற முறை வந்தது. சரிவான கண்ணாடித் தட்டின் மேல் ஆயிலை ஓட விட்டு, கீழே வலுவான காந்தத்தை வைத்தால், இரும்புத் துகள்கள் பெரியது முன்னாடி, சின்னது பின்னாடி என்று வரிசையாகப் படியும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும். அங்கே எண்ணிக்கையைவிட வடிவம்தான் பேசும். மெல்லிய செதில் என்றால் சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். லேத்தில் டர்னிங் பண்ணும்போது வருகிற சுருள் மாதிரியே குட்டிச் சுருள் தெரிந்தால், ஏதோ கடினமான பொருள் உள்ளே வெட்டிக்கொண்டிருக்கிறது. கட்டி கட்டியாகத் துண்டு தெரிந்தால் கியர் பல்லோ பேரிங்கோ களைத்துப் போய்ப் பெயர்ந்து விழுகிறது. லேத் சுருளைப் பார்த்தே டூல் எப்படி வெட்டுதுன்னு சொல்ற டர்னர் அண்ணாக்கள் ஈக்காட்டுத்தாங்கலில் தெருவுக்குத் தெரு இருக்காங்க. அவங்க கிட்ட ஒரு மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்தா நம்மைவிட வேகமா இதைக் கத்துப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

சின்ன பட்டறைக்கு இது ஏன் வரல?

பெரிய ஃபேக்டரிகளில் இதெல்லாம் நடக்குது. வாங்குற ஆயிலோட அளவு பெருசு, அதனால ஆயில் கம்பெனியே சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணிக் கொடுக்கும். பராமரிப்புக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கும். ஒரு மிஷின் நின்னா இன்னொண்ணு ஓடும்.

கிண்டி தொழிற்பேட்டை 1958இல் வந்தது. அதை ஒட்டி, ஆத்துக்கு இந்தப் பக்கம் ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களில் வளர்ந்த பட்டறைகளின் கதை வேறு. ஒரே ஒரு கம்ப்ரஷர், ஒரே ஒரு கன்வேயர், இன்னும் தவணை கட்டி முடிக்காத ஒரு சிஎன்சி. மாற்று மிஷின் கிடையாது. இருப்பதிலேயே யாருக்கு ஒரு மிஷின் நின்றால் அதிகம் அடிபடுமோ, அவர்களுக்குத்தான் முன்கூட்டியே சொல்கிற வழி இல்லை. சுத்தி ஐடி பில்டிங் எல்லாம் வந்த பிறகும் இந்த ஷெட்கள் மிச்சம் இருக்குன்னா அது கஷ்டப்பட்டுத் தாக்குப்பிடிச்சதாலதான். அவங்க பிரச்சினை நமக்குப் பாடத்துல வராதது ஏன்னு யோசிச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கு.

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரை மீறி வந்தப்ப இந்தப் பகுதி மூழ்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த ஓனர் எனக்குச் சொன்னது இது. தண்ணி வடிஞ்சதும் மோட்டாரை எல்லாம் கழட்டிக் காய வெச்சாங்க. வயரிங்கை மாத்தினாங்க. ஹைட்ராலிக் டேங்கைத் திறந்தா ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்துது. இறக்கிட்டுப் புதுசு ஊத்தினாங்க. ஒரு கியர்பாக்ஸ்ல மட்டும் ஆயில் பார்க்க நல்லா இருக்கேன்னு விட்டுட்டாங்க. வேற செலவு தலைக்கு மேல இருந்த நேரம். நாலு மாசத்துல அதோட பேரிங் துருப்பிடிச்சுப் போச்சு. "பார்த்தா தண்ணி இருக்கிற மாதிரியே தெரியல தம்பி"ன்னார்.

தெரியாதுதான். ஆயிலுக்குள் கொஞ்சம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமலே கரைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற சோதனை நம்ம சமையலறையில் தினமும் நடக்குது. காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை வைத்தால் சடசடவென்று வெடிக்கும் இல்லையா? அதேதான். ஹாட் பிளேட்டை சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு சொட்டு ஆயிலை விட வேண்டும். குமிழி வந்து படபடத்தால் தண்ணீர் இருக்கு. ஏறக்குறைய 0.1 சதவீதம் தண்ணீர் இருந்தாலே இது காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சொட்டு மட்டும்தான், கண்ணாடி போட்டுக்கிட்டுச் செய்யணும். அந்த டிசம்பரில் அந்தத் தெருவில் யாராவது ஒரு மாணவன் ஒரு ஹாட் பிளேட்டோடு போயிருந்தால் ஒரு பேரிங் தப்பித்திருக்கும்.

நம்ம லேப்ல என்ன இருக்கு?

மெக்கானிக்கல்காரங்க கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. ரெட்வுட் விஸ்காமீட்டர். பந்தைத் தூக்கி, 50 மில்லி நிறையுற வரைக்கும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, ரெக்கார்டு நோட்டுல போன பேட்ச்சோட ரீடிங்கையே எழுதி, கையெழுத்து வாங்கி முடிச்சோமே, அதுதான். பக்கத்துல பென்ஸ்கி மார்ட்டின்ஸ். ஃபிளாஷ் பாயின்ட் பார்க்கிறது. மெட்டலர்ஜி லேப்ல ஒரு மைக்ரோஸ்கோப். கெமிஸ்ட்ரி லேப்ல ஃபில்டர் பேப்பரும் ஹாட் பிளேட்டும்.

இதை வெச்சு என்ன பண்ண முடியும்னு வரிசையாச் சொல்றேன்.

ரெட்வுட்: பட்டறையில் இருக்கிற அதே டிரம்மிலிருந்து புது ஆயில் ஒரு பாட்டில், மிஷினிலிருந்து பழைய ஆயில் ஒரு பாட்டில். ரெண்டையும் ஒரே சூட்டில், ஒரே கருவியில் ஓட விடுங்க. செகண்டை ஸ்டோக்காக மாற்றுகிற சூத்திரமெல்லாம் தேவையில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான். உதாரணத்துக்கு, புதுசு 280 செகண்டில் இறங்கி பழசு 240 செகண்டில் இறங்கினால், ஏறக்குறைய 14 சதவீதம் இளகிப் போச்சு. புதுசுலேர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் மாறினாலே கவனிக்க வேண்டும். வேறு கிரேடு ஆயிலைக் கலந்துவிட்டார்களா, இன்ஜின் என்றால் டீசல் கலக்கிறதா என்று கேட்க வேண்டும். கெட்டியாகியிருந்தால் அதிகச் சூட்டில் ஆயில் கெட்டுப் போயிருக்கலாம்.

பென்ஸ்கி மார்ட்டின்ஸ்: ஜெனரேட்டர் வெச்சிருக்கிற பட்டறைக்கு இது உதவும். இன்ஜின் ஆயிலில் டீசல் கசிந்தால் ஃபிளாஷ் பாயின்ட் சடாரென்று கீழே இறங்கும்.

ஃபில்டர் பேப்பர்: இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்க. சொட்டு நல்லா விரிந்து சாம்பல் நிற வட்டமாகப் பரவினால் ஆயில் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் தார் மாதிரிக் கறுப்பாக நின்று சுற்றி வெறும் எண்ணெய் மட்டும் பரவினால், அதன் வேலை முடிந்துவிட்டது.

காந்தமும் மைக்ரோஸ்கோப்பும்: ஆயிலை வெள்ளைப் பெட்ரோலில் இளக்கி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்க. தங்குகிற துகளை மைக்ரோஸ்கோப்பில் பாருங்க. காந்தத்துக்கு ஒட்டினால் இரும்பு. மஞ்சளாக மினுக்கி, காந்தத்துக்கு அசையாமல் இருந்தால் கன்மெட்டல், பிரான்ஸ் ரகம். ஏழைகளின் ஃபெர்ரோகிராஃபி என்று இதைச் சொல்லலாம். என் டிரேயில் இருந்ததை இப்படி மூணு மாசத்துக்கு முன்னாடி பார்த்திருந்தால், வீலைத் தீபாவளிக்கு அப்புறம் சாவகாசமாக மாற்றியிருக்கலாம்.

பிறகு விசாரிச்சப்ப தெரிஞ்ச விஷயம் ஒண்ணு. அந்த கியர்பாக்ஸுக்கு டாப்-அப் பண்ணும்போதெல்லாம் பக்கத்து மிஷினுக்கு வாங்கின ஈபி கியர் ஆயிலையே ஊத்தியிருக்காங்க. அதுல இருக்கிற சில கந்தகச் சேர்மானங்கள் இரும்புப் பல்லுக்கு நண்பன், ஆனால் சூடு ஏறினா பிரான்ஸுக்கு எதிரி. வீல் போனதுக்கு அது மட்டும்தான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்தக் கேள்வியே வீல் போன பிறகுதான் எழுந்துது.

ஒரு ரீடிங் ரீடிங்கே இல்லை

ஆர்வத்துல ஒரு நாள் போய் ஒரு சாம்பிள் எடுத்துட்டு வந்து ரிப்போர்ட் போட்டு, ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சா பிரயோஜனமில்லை. இரும்பு 38 பிபிஎம்னா நல்லதா கெட்டதா? யாராலும் சொல்ல முடியாது. ஆனா முதல் தடவை 12, அப்புறம் 14, அப்புறம் 15, இப்ப 38ன்னா எட்டாங்கிளாஸ் பையன்கூடச் சொல்லிடுவான். எண்ணைப் பார்க்கக் கூடாது, ஏறுற வேகத்தைப் பார்க்கணும்.

அதுக்குத்தான் சாம்பிள் எடுக்கிறதுலயும் ஒழுங்கு வேணும். மிஷின் ஓடிச் சூடா இருக்கும்போது, இல்லைன்னா நிறுத்தின சில நிமிஷத்துக்குள்ள எடுக்கணும். ஆறிப் போனா கனமான துகள் எல்லாம் அடியில உட்கார்ந்துடும். டிரெயின் பிளக்கில் முதலில் வருவது அடிமண்டி, அது வேண்டாம், நடு ஆழத்திலிருந்து எடுக்கணும். பாட்டில் புதுசா, காய்ஞ்சதா இருக்கணும். பனியன் வேஸ்ட்டில் துடைச்ச பாட்டிலில் எடுத்தால் நூலையும் மண்ணையும்தான் டெஸ்ட் பண்ணிட்டு இருப்போம். பாட்டில் மேல மிஷின், தேதி, ஆயில் ஊத்தி எத்தனை மணி நேரம் ஓடிச்சு, நடுவுல எவ்வளவு டாப்-அப் பண்ணினாங்கன்னு எழுதணும்.

டாப்-அப் கணக்கு ரொம்ப முக்கியம். 10 லிட்டர் கியர்பாக்ஸில் இரும்பு 50 பிபிஎம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. சீல் கசிஞ்சு 5 லிட்டர் போயிடுது, 5 லிட்டர் புதுசு ஊத்தறாங்க. இப்ப டெஸ்ட் பண்ணினா 25தான் காட்டும். மிஷின் குணமாகல, சாட்சி பாதி ஒழுகிப் போச்சு, அவ்வளவுதான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நியாயமான கேள்விகள் இருக்கு, மூணு சொல்றேன்.

ஒண்ணு, "ரெண்டு லிட்டர் ஆயிலுக்கு டெஸ்ட் எதுக்கு, மாத்திட்டுப் போலாமே?" சரிதான். ரெண்டு லிட்டர் ஆயிலைக் காப்பாத்தணும்னா டெஸ்ட் வேண்டாம், மாத்திடுங்க. ஆனா கேள்வி ஆயிலோட விலை இல்லை, அந்த மிஷின் ஒன்பது நாள் நின்னா என்ன விலைங்கறதுதான். பட்டறையில் எந்த மிஷின் நின்றால் எல்லாமே நிற்குமோ, அதை மட்டும் டெஸ்ட் பண்ணினால் போதும். பெரும்பாலும் அது ஒண்ணோ ரெண்டோதான்.

ரெண்டு, "மாணவர்கள் தப்பா சொல்லிட்டா?" சொல்ல வாய்ப்பிருக்கு. அதனால "மிஷின் நல்லா இருக்கு"ன்னு நாம ஒரு நாளும் சொல்லக் கூடாது. "இதுல ஏதோ மாறியிருக்கு, கவனிங்க"ன்னு மட்டும்தான் சொல்லணும். சந்தேகம் வந்தா அந்த ஒரு சாம்பிளை மட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிற தனியார் லேபுக்குக் காசு கொடுத்து அனுப்பலாம். எல்லாத்தையும் அனுப்புறதுக்கு வசதி இல்லாதவங்களுக்கு, எதை அனுப்பணும்னு சொல்றதே பெரிய உதவி.

மூணு, "எங்களுக்கு என்ன லாபம்?" இதைக் கேட்கிறது நம்ம ஆளுங்கதான். காசு கொடுத்து ரெடிமேடா வாங்கின ஃபைனல் இயர் புராஜெக்டை வைவாவில் விளக்கத் தெரியாம நின்ன சீனியர்களை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். பத்து பட்டறை, ஆளுக்கு ரெண்டு மிஷின், மாசம் ஒரு சாம்பிள், எட்டு மாசம். கையில நூத்தி அறுபது ரீடிங் இருக்கும். அத்தனையும் நீங்களே எடுத்தது. இன்டர்வியூல உட்கார்ந்து பேச இதைவிட என்ன வேணும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. 2016ஆம் வருஷ விதிகளின்படி அதை அங்கீகாரம் உள்ள மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்கணும். ஆயிலைப் பார்த்துப் பார்த்து மாற்றினால், நல்ல ஆயில் வீணாக டிரம்முக்குப் போவது குறையும். அடையாறு அந்தத் தெருக்களுக்குப் பக்கத்திலேயே ஓடுது. கழிவுக் கால்வாயில் போறது எங்கே போய்ச் சேரும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம்

ஆயுத பூஜையை விட்டா நல்ல நாள் கிடையாதுன்னு தோணுது. எல்லா மிஷினும் அன்னிக்குத் திறந்திருக்கும், பழைய ஆயில் எப்படியும் வெளியே வரும், புது ஆயிலும் பக்கத்திலேயே இருக்கும். ரெண்டுலயும் நூறு நூறு மில்லி எடுத்து வெச்சா, அந்த வருஷக் கணக்கோட முதல் வரி அதுதான். ஒரு நாள் பொட்டு வெச்சுக் கும்பிடறது மரியாதைன்னா, மீதி நாள் அது என்ன சொல்லுதுன்னு கேட்கிறதும் மரியாதைதானே?

போன மாசம் அந்தக் கம்பெனிக்குத் திரும்பப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தாங்க. புது வார்ம் வீல் நல்லா ஓடுது. ஃபிட்டர் அண்ணா கிட்ட நான் இதையெல்லாம் சொன்னேன், பாதி கேட்டார், பாதி கேட்கலன்னு நினைச்சேன். கிளம்பும்போது உள்ளே போய் நாலு குட்டி பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தார். இருமல் மருந்து பாட்டில், கழுவிக் காய வெச்சது. ஒவ்வொண்ணு மேலயும் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவுல 'கன்வேயர்', 'கம்ப்ரஷர்', 'பிரஸ்', 'புதுசு'ன்னு எழுதியிருந்தார். தேதியும் இருந்துது.

"பார்த்துச் சொல்லு தம்பி"ன்னார்.

அந்த நாலு பாட்டிலும் இப்ப என் ஹாஸ்டல் அலமாரியில இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் தெர்மல் லேபைத் திறந்து விடச் சொல்லி டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். குறைஞ்சது ஆறு பேர் கையெழுத்து இருந்தா கொடுக்கலாம்னு லேப் அசிஸ்டன்ட் அண்ணா சொன்னார். இப்போதைக்கு ரெண்டு இருக்கு. நாலு பேர் வேணும். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டாப்வாட்ச் அழுத்தத் தெரிஞ்சா போதும். ரீடிங்கை மட்டும் போன பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதக் கூடாது.

- இறுதியாண்டு, இயந்திரப் பொறியியல்